மாதிரித் தாளின் மூன்றாவது வரி

ஒஃபன்பாக்,
14 ஜனவரி 1963

அன்புள்ள அண்ணா,

நான் நலம், என் கடைவாய்ப் பல் ஒன்றுதான் நலமில்லை. உன்னையும் லீஸ்பெத் அண்ணியையும் கெர்லிண்டையும் இந்தக் குளிர் என்ன பாடு படுத்துகிறதோ? இங்கே மைன் ஆறு உறைந்து கிடக்கிறது. அண்ணி அனுப்பிய கிறிஸ்துமஸ் ரொட்டி ஓரம்கூட உடையாமல் வந்தது. ஊருக்குக் கொடுப்பதாக நினைத்து நானே தின்று தீர்த்தேன்.

என் அச்செழுத்து பிறந்துவிட்டது, அண்ணா! வரைந்தும் அழித்தும் ஐந்து வருடம் போனது. போன வாரம் ஈயத்தில் வார்த்துவிட்டார்கள். சாய்வெழுத்து, அடியில் சின்னச் சின்னப் பாதங்கள், பெரிய எழுத்துகளுக்கு நீண்ட வால். கல்யாண அட்டை, அத்தர் புட்டி, ஓட்டல் உணவுப் பட்டியல் என்று சீமாட்டி மாதிரி வாழப்போகிறது. விற்பனைப் பிரிவு அதற்கு 'செரெனா' என்று பெயர் வைத்திருக்கிறது.

வார்ப்புச் சாலையில் கிழவர் ப்ரெய்டன்பாக்கோடு ஒரே சண்டை. "ஏம்மா, இந்த வாலு பக்கத்து எழுத்து மேல போய் உக்காருதே. மெஷின்ல போட்டா ஒடிஞ்சிரும்" என்றார். "ஒடிஞ்சா ஒடியட்டும், வாலக் குறைக்க மாட்டேன்" என்றேன். "அப்ப உன் மாதிரியே அதுவும் தனியாத்தான் நிக்கணும்" என்றார். ஆள் பொல்லாதவர்.

ஆர் (R) எழுத்தின் கால்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. இங்கே எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள், அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. நான் நம்புவது உன் கண்ணை மட்டும்தான். உங்கள் கிழக்குக்கும் எங்கள் மேற்குக்கும் நடுவே அந்த மதில் எழும்பாமல் இருந்திருந்தால் ரயிலேறி வந்து உன் முன்னால் வைத்திருப்பேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் தங்கை
ரோஸ்விதா

லைப்சிக்,
5 பிப்ரவரி 1963

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நிலக்கரி கிடைக்கும் நாளில் இன்னும் சுகம். உன் பல்லைப் பிடுங்கிவிடு. இல்லாவிட்டால் அதற்கும் ஒரு வால் வரைந்து வைப்பாய்.

உன் கடிதம் உறையில் பசை ஈரம் காயாமல் வந்தது. நம் குடும்பக் கதையை விரும்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், சந்தோஷம்.

நல்ல செய்தி ஒன்று. கெர்லிண்டுக்கு மே மாதம் கல்யாணம். பையன் டீட்மார், பள்ளி ஆசிரியர். தங்கமான பையன், கொஞ்சம் பயந்தவன். உன் எழுத்தைப் பற்றிப் படித்ததும் பெண் குதிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, என் கல்யாண அட்டை அத்தை எழுத்துலதான் இருக்கணும். உங்க ஆபீஸ் எழுத்துல போட்டா கல்யாணமா, கசாப்புக் கடைத் திறப்பு விழாவான்னு தெரியாது!" என்கிறாள். உண்மைதான். எங்கள் அச்சகத்தில் இருப்பது பாடப்புத்தக எழுத்தும் அறிவிப்புப் பலகை எழுத்தும்தான்.

மணமக்கள் பெயருக்கும் தேதிக்கும் வேண்டிய அளவு மட்டும் அனுப்ப முடியுமா? வேலை முடிந்த பிறகு புரூஃப் அச்சில் நானே நாற்பது அட்டை போட்டுக்கொள்கிறேன். ஃபோர்மன் வுண்டர்லிஷிடம் கேட்டேன். "நான் அந்தப் பக்கம் பாக்கலப்பா" என்றார். அதுதான் அவருடைய அனுமதி.

லீஸ்பெத்துக்கு இதில் விருப்பமில்லை. "ஒரு அட்டைக்காக எதுக்கு வம்பு?" என்று முணுமுணுக்கிறாள். உங்கள் பக்கத்துச் செய்தித்தாள் இங்கே தடை, அதில் எதையும் சுற்றி அனுப்பாதே என்று உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் ஆர் எழுத்தின் காலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்
எகோன்

ஒஃபன்பாக்,
3 மார்ச் 1963

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் பல் போய்விட்டது. முகம் ஒரு பக்கம் பூசணிக்காய்.

இன்று பார்சல் அனுப்பினேன். அண்ணிக்குக் காப்பி, உலர்ந்த திராட்சை. கெர்லிண்டுக்கு வெள்ளைக் காலுறையும் கையுறையும். உனக்கு என் எழுத்து. 'அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல' என்று மேலே கொட்டையெழுத்தில் எழுதியிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை, 'திருமண அட்டைக்கான ஈய எழுத்துகள்' என்றும் எழுதினேன்.

அண்ணியிடம் சொல், செய்தித்தாள் பக்கமே நான் போகவில்லை. வால் ஒடியாமல் இருக்க எழுத்துகளை, அச்சகங்களுக்குக் காட்ட நாங்கள் அடித்த மாதிரித் தாளிலேயே சுற்றினேன். கெட்டியான நல்ல தாள். அதில் செய்தி ஒன்றும் கிடையாது, என் எழுத்து மட்டும்தான்.

பெயர்களைக் கோப்பதற்கு முன் அந்தத் தாளை ஜன்னலருகே எடுத்துப் போய் நல்ல வெளிச்சத்தில் பார். முக்கியமாக மூன்றாவது வரி. எல்லாம் அதில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் பார்த்துவிட்டு உன் முடிவு என்ன என்று எனக்கு எழுது. உன் பதில் வரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடாது.

மணப்பெண்ணுக்கு முத்தங்கள்.

ரோஸ்விதா

ஒஃபன்பாக்,
10 ஏப்ரல் 1963

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் வாழ்த்துகள். உங்கள் மூவரின் நலமறியாமல் தவிக்கிறேன். பார்சல் வந்ததா இல்லையா? தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டுகிறார். "ஒங்களுக்குக் காதல் கடிதம் எதுவும் இல்லீங்க" என்று கேலி வேறு.

ஆரின் கால் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றே எழுது. அழமாட்டேன். கொஞ்சம் அழுவேன், அவ்வளவுதான். கல்யாணத் தேதி நெருங்குகிறதே, அட்டை போட்டாயா? எனக்கு ஒன்று அனுப்பு.

அண்ணிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ஒரே ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

ரோஸ்விதா

லைப்சிக்,
26 ஏப்ரல் 1963

ரோஸ்விதாவுக்கு,

நானும் கெர்லிண்டும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

பார்சல் மார்ச் மாதமே வந்து சேர்ந்தது. காப்பிக்கு நன்றி.

எகோன் வீட்டில் இல்லை. அவரை ஓய்வுக்காக வேறு ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பார்சல் வந்து சில நாட்களில், காலையில், இரண்டு மருத்துவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. எப்போது திரும்புவார் என்றும் சொல்லவில்லை. நீ எழுத்துகளைச் சுற்றி அனுப்பிய தாளில் மருத்துவர்களுக்கு மிகுந்த அக்கறை. அதையும், உன் மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்துப் போனார்கள்.

மே மாதக் கல்யாணம் தள்ளிப்போகிறது.

இங்கே சாலையோர மரங்கள் துளிர்த்துவிட்டன.

லீஸ்பெத்

ஒஃபன்பாக்,
4 மே 1963

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் கண்டு பதறிப்போனேன். அண்ணனுக்கு என்ன நோய்? நுரையீரலா? ஈயத் தூசி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பால் குடி, பால் குடி என்று! என்ன மருந்து வேண்டும் என்று எழுதுங்கள். இங்கே எல்லாம் கிடைக்கிறது, மறுநாளே அனுப்புகிறேன். மார்பில் பன்றிக் கொழுப்பைச் சூடு செய்து...

அண்ணி, இதுவரை எழுதியது நேற்று. என்னைப் போல் ஒரு மடச்சி இருக்க முடியாது. பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். எந்த மருத்துவர் கடிதத்தையும் சுற்றிய தாளையும் எடுத்துக்கொண்டு போவார் என்று காலையில்தான் உறைத்தது. வேலைக்குப் போனதும் மாதிரித் தாளை எடுத்து வைத்து முதல் தடவையாக அதைப் படித்தேன்.

ஆமாம், முதல் தடவையாக. அந்தத் தாளை நூறு தடவையாவது கையில் எடுத்திருப்பேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்திருக்கிறேன், வாலின் வளைவு பார்த்திருக்கிறேன், மை எங்கே அடைக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. எங்கள் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது வரி இது: "தடையில்லாப் பயணம், உலகெங்கும்! புறப்படுங்கள், வழி நாங்கள் காட்டுகிறோம்."

விளம்பரப் பிரிவில் இருக்கும் ஷ்ட்ரோபெலிடம் ஓடினேன். "இந்த வரிய யார் போட்டது?" "நாந்தான் மேடம். பயண ஏஜென்சிக்கு ஏத்த மாதிரி ஒரு வரி வேணும்ல." "ஆர்ல தொடங்குற வார்த்தை பயணத்த விட்டா வேற கெடைக்கலையா?" "கெடச்சுது. முள்ளங்கி, மாட்டிறைச்சி. கல்யாண எழுத்துல முள்ளங்கி போட்டா ஒங்களுக்கே சிரிப்பு வராதா?" என்கிறான். அவன்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

அண்ணி, இதை முதலில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அது ஒரு விளம்பர வரி, மதிலைத் தாண்டச் சொல்லும் அழைப்பு இல்லை. அண்ணனும் அதைப் படித்திருக்க மாட்டான். காலைத்தான் பார்த்திருப்பான்.

உங்கள்
ரோஸ்விதா

ஒஃபன்பாக்,
2 ஜூன் 1963

லைப்சிக் நகரில் இவ்வழக்கைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் பெயர் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்.

நான் எழுத்து வடிவம் வரையும் தொழில் செய்பவள். தங்கள் காவலில் உள்ள அச்சுக்கோப்பாளர் எகோன் என் உடன்பிறந்த அண்ணன். அவருக்கு நான் அனுப்பிய சாய்வெழுத்தைப் பற்றிய உண்மைகளைத் தாங்கள் அறிய வேண்டும்.

அந்த எழுத்தில் துண்டறிக்கை அடிக்க எந்த அச்சுக்காரனும் நினைக்க மாட்டான். வால் எழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றோடொன்று மோதி ஒடியும். தெருவில் ஒட்டினால் நாலடி தூரத்தில் படிக்க முடியாது. நான் அனுப்பியதை வைத்து மணமக்கள் பெயரையும் தேதியையும் கோக்கலாம். அதற்கு மேல் ஒரு வரிகூடக் கோக்க முடியாது. இதை நானே சரிபார்த்து அனுப்பினேன்.

சுற்றிய தாள் எங்கள் நாட்டு அச்சகங்கள் எல்லாவற்றுக்கும் போகும் சாதாரண விளம்பரம். மூன்றாவது வரியைப் பார்க்கச் சொன்னது ஆர் எழுத்தின் காலுக்காக மட்டுமே. தேவையென்றால் முழுத் தொகுதியையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து விளக்கக் காத்திருக்கிறேன்.

குற்றம் இருந்தால் அது என்னுடையது. அண்ணனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

பணிவுடன்
ரோஸ்விதா

லைப்சிக்,
20 ஜூலை 1963

ரோஸ்விதாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

மருத்துவர்களுக்கு இனி எழுதாதே.

நீ அவர்களுக்கு எழுதிய கடிதத்தை, அவர்கள் முடிவு சொல்லும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. "வேறெதுவும் அச்சடிக்க முடியாதுன்னு முன்கூட்டியே சரிபார்த்து அனுப்பியிருக்காங்க. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குச் சரிபாக்கணும்?" என்று கேட்டார்கள். "இந்தத் தாள் எல்லா அச்சகத்துக்கும் போகுதுன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க" என்றார்கள். "முழுத் தொகுதியும் கொண்டுவரத் தயாரா இருக்காங்க" என்றபோது சிலர் சிரித்தார்கள். எகோனைப் பார்த்து "ஆர் எழுத்துக்குக் கால் உண்டா?" என்று கேட்டார்கள். அவர் உண்டு என்றார்.

ஒன்றரை வருடம் ஓய்வு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வுண்டர்லிஷ் தனக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கெர்லிண்டுக்கும் டீட்மாருக்கும் போன வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. பையன் பின்வாங்கவில்லை. அட்டை எதுவும் அடிக்கவில்லை.

நீ நல்லதுக்குத்தான் எழுதினாய். அது எனக்குத் தெரியும். அதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

லீஸ்பெத்

ஒஃபன்பாக்,
15 டிசம்பர் 1963

அன்புள்ள அண்ணி,

பண்டிகைக்கு உங்களுக்கு அனுப்பிய காப்பிப் பார்சல் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் திருப்பினீர்களா, அவர்கள் திருப்பினார்களா என்று கேட்கமாட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணனைப் பார்க்க விடுகிறார்களா? அவனுக்காக நான் அனுப்பிய கம்பளிச் சட்டை போய்ச் சேர்ந்ததா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வெளியே போவதுதான் கஷ்டமாக இருக்கிறது. என் எழுத்து அமோகமாக விற்கிறது, அண்ணி. சாக்லேட் பெட்டியில் அது, சோப்பு உறையில் அது, பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் அது. ஃபிராங்க்ஃபர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பயண ஏஜென்சி அந்த மூன்றாவது வரியை அப்படியே எடுத்து, தங்க நிறத்தில், கண்ணாடி முழுக்க எழுதிவைத்திருக்கிறான். கீழே ஸ்பெயின் கடற்கரைப் படம். ஜனங்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள், டிக்கெட்டோடு வெளியே வருகிறார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். கல்லெறியலாம் என்று தோன்றியது. எறிந்து என்ன ஆகப்போகிறது?

அந்த மாதிரித் தாளை நிறுத்துங்கள் என்று முதலாளியிடம் மன்றாடினேன். "ரோஸ்விதா, ஒங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த வரிதான் எழுத்தையே விக்குது. நிறுத்தினா மட்டும் ஒங்க அண்ணன விட்டுடுவாங்களா?" என்றார். விற்ற எழுத்தைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

என் கையால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அந்த எழுத்துதான் என்று நினைத்திருந்தேன். இப்போது அது இருக்கும் கடைகளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

ஒரே ஒரு வரி போடுங்கள்.

ரோஸ்விதா

லைப்சிக்,
8 நவம்பர் 1964

அன்புத் தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பில் பாதியை எங்கோ வைத்துவிட்டு வந்தேன், மீதி நலம். லீஸ்பெத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கெர்லிண்டுக்குப் பெண் குழந்தை. மூக்கு உன்னுடையது, பாவம்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இப்போது உங்கள் பக்கம் போய்வர விடுகிறார்கள். மாடி வீட்டுக்காரர் தன் மகனைப் பார்க்க வருகிறார். இதை அங்கே வந்து தபாலில் போடுவார். இதைப் படித்ததும் எரித்துவிடு.

நீ உன்னையே தின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுத்தைக் கேட்டது நான். முதலில் அதை நினைத்துக்கொள். என்னை விசாரித்தவன் சின்னப் பையன், நல்ல மாதிரிதான். "மூணாவது வரியில என்ன எழுதியிருக்கு?" என்றான். "தெரியாதுங்க" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க. ஜன்னலோரம் நின்னு அரை மணி நேரம் அதையே பாத்தீங்களாம்." "பாத்தேன். படிக்கல." "அச்சுக்கோக்கிறவரு, படிக்கலையா?" "ஆர் எழுத்தோட காலப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மயிரிழை நீளம்னு தோணுச்சு." இதையே நாள்கணக்கில் கேட்டார்கள். கடைசியில் 'பதில் சொல்ல மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அச்சகத்தில் வேலை கிடையாது. கிடங்கில் கரி அள்ளுகிறேன். அது பரவாயில்லை. உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன், ரோஸ்விதா. வெண்ணெய் சுற்றிய தாள், தீப்பெட்டி, டிராம் டிக்கெட், எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அர்த்தம் என்ன என்று பார்க்கிறேன். எழுத்து எப்படி இருக்கிறது என்று கண் பார்க்கவே மாட்டேன் என்கிறது.

டீட்மார் பள்ளி வேலையில் நீடிக்க வேண்டுமானால், மேற்கே யாரோடும் எங்கள் வீட்டில் தொடர்பு இருக்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நானும் போட்டேன். அவன் எங்களுக்காக எவ்வளவோ தாங்கிக்கொண்டான், அவன் வாயிலும் மண்ணைப் போட முடியாது. ஆகவே இதுதான் கடைசிக் கடிதம். நீயும் எழுதாதே. வாழ்த்து அட்டைகூட வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபம் துளியும் கிடையாது.

காலை ஒரு மயிரிழை குறைத்துவிடு. மற்றதெல்லாம் அழகு. அது நான் பார்த்த கடைசி அழகான எழுத்து.

எகோன்

ஒஃபன்பாக்,
20 டிசம்பர் 1964

லைப்சிக் நகரில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அன்பருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் காலத்தில் நீராவியிலும் பசையிலும் கையை வைத்து வேலை செய்வது சிரமம்தான்.

என்னை உங்களுக்குத் தெரியும். பல் பிடுங்கிய கதைவரை தெரியும். இரண்டு வருடம் முன்னால் நான் அண்ணனுக்கு எழுதியதெல்லாம் உங்கள் கையில்தான் முதலில் வந்தது. இனி நான் அவனுக்கு எழுதமாட்டேன். அவர்களும் எனக்கு எழுதுவதில்லை. எழுதினால் அவர்களுக்குத்தான் தொல்லை என்று எனக்கே புரிகிறது. அதனால் இந்த உறையின் மேல் அவன் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. லைப்சிக் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உங்களிடம் வந்து சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். திட்டி எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் தீர்ந்துபோயிற்று. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. அண்ணன் இருக்கும் தெருவில் யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கூடப்பிறந்தவள், எனக்குத் தெரியாது. என் அண்ணன் நலமா என்று கேட்க இந்த உலகத்தில் இப்போது உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.

நீங்கள் பதில் எழுத முடியாது, அது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்யுங்கள். அவன் நலம் என்றால் இந்தக் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். என் முகவரியை உறையின் பின்னால் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

முகவரி இல்லாத கடிதம் எப்படியும் திரும்பித்தான் வரும் என்று தபால்காரர் சொன்னார். வரட்டும். நலம் என்றே எடுத்துக்கொள்வேன்.

தங்கள்
ரோஸ்விதா